காரைக்குடி வீணை: வலக்கையின் வரலாறு

காரைக்குடி சகோதரர்களின் புகைப்படத்தைப் பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது அண்ணனின் வீணைமேல்தான். சுப்பராமய்யர் (1883–1936) அதைத் தம்புரா போல நிமிர்த்திப் பிடித்திருப்பார். தம்பி சாம்பசிவய்யர் (1888–1958) எல்லோரையும் போல மடியில் கிடத்தி வாசித்தார். இந்த வேறுபாடு இசை வட்டாரங்களில் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. தேவைக்கு அதிகமாகவே பேசப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வீணையை வெவ்வேறு விதமாகப் பிடித்த இருவர் ஒரே பாணியை எப்படி வாசித்தார்கள்? காரைக்குடி பாணியின் அடையாளத்தை வலக்கை மீட்டிலும், அந்த மீட்டுக்கும் மிருதங்கத்துக்கும் இருந்த உறவிலும் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குடும்பத்தின் பூர்விகம் புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணம். தந்தை சுப்பய்யரும் வீணை வித்துவான். சகோதரர்களை ஏழாம் தலைமுறை என்று குடும்ப வழக்கு சொல்கிறது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் வித்துவான்களை ஆதரித்த இடம் என்றாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்தில் பணம் குவிந்த ஊர்கள் தெற்கே இருந்தன. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல்வாங்கல் நடத்திய நகரத்தார் சம்பாத்தியம் செட்டிநாட்டில் கோவில் திருப்பணிகளாகவும் அரண்மனை போன்ற வீடுகளாகவும் பல நாள் கல்யாணங்களாகவும் மாறியது. கல்யாணம் என்றால் கச்சேரி உண்டு. சகோதரர்கள் செட்டிநாட்டுக் காரைக்குடியில் குடியேறினார்கள். ஊர்ப் பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. இன்று வீணை உலகில் காரைக்குடி என்பதற்கு வேறு பொருள் கிடையாது.

அந்தக் கச்சேரி நடந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் வளவில் நடுவே வானம் பார்த்த முற்றம்; சுற்றிலும் பர்மா தேக்கிலும் கல்லிலும் தூண்கள்; முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த, கண்ணாடி போலப் பளபளக்கும் சுண்ணாம்புச் சுவர்கள். சுவர் ஒலியை நன்றாகத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் முற்றம் அதை மேலே விட்டுவிடும். கூட்டமோ கல்யாணக் கூட்டம்: வருவோர் போவோர், பந்திக்கு அழைப்பவர், பிள்ளைகள். ஒலிபெருக்கி இன்னும் வரவில்லை. நாகசுரத்துக்கு இது ஏற்ற இடம். வீணைக்கு, உண்மையைச் சொன்னால், பொருத்தமில்லாத இடம்.

அதே காலத்தில் சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். தாளவாத்தியம் கிடையாது, மென்மையான மீட்டு, கூடவே மெல்லிய குரலில் பாட்டு, மூச்சுவிடாமல் கேட்கும் சிலர். வீணையின் இயல்புக்கு அதுவே ஏற்றது என்று கருதிய ரசிகர்கள் உண்டு. காரைக்குடி சகோதரர்கள் வேறு வழியில் போனார்கள். இரண்டு வீணைகள், பக்கத்தில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் மிருதங்கம். பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் மான்பூண்டியா பிள்ளையின் சீடர். மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் பக்கத்தில் மீட்டு தளர்ந்தால் வீணை காணாமல் போய்விடும். பாணி இந்த நெருக்கடியில் உருவானது என்பதே என் கணிப்பு.

அது மிகத் தெளிவாகத் தெரிவது, ராகத்துக்கும் பல்லவிக்கும் இடையில் வரும் தானத்தில். தானத்துக்குத் தாளக்கட்டு இல்லை. ஆனால் நடை உண்டு. வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறிமாறி மேல் தந்திகளை மீட்ட, சுண்டுவிரல் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளைத் தொட்டு இடைவெளிகளை நிரப்பும். ஸ்வரம், தாளத் தந்தி, மறுபடி ஸ்வரம் என்று பின்னிப் போகும்போது கேட்பவர் தலை தானாக ஆடும். மற்ற மேடைகளில் தானம் வாசிக்கும்போது மிருதங்கக்காரர் கைகட்டி உட்கார்ந்திருப்பது வழக்கம். காரைக்குடி மரபில் மிருதங்கம் தானத்துக்கும் வாசிக்கும். தாளச் சுற்றின் கணக்கு எதுவும் இல்லாமல், மீட்டின் ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். கணக்கில் புலியாக இருப்பவர்களுக்கும் இது எளிதில்லை. அடுத்த மீட்டு எங்கே விழும் என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதே பாணியில் கீழ்த்தந்திகளுக்கும் தனி மரியாதை உண்டு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நான்கில் கடைசி இரண்டும் தடித்தவை. வேகமாக மீட்டினால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அங்கும் ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாக விழ வேண்டும் என்பது காரைக்குடிக் கட்டளை. ஒரே மீட்டில் தந்தியை இழுத்து நான்கைந்து ஸ்வரங்களை எடுப்பதைவிட, இடக்கை விரல்களைப் பிரித்துவைத்து ஸ்வரத்துக்கு ஸ்வரம் மெட்டில் அழுத்தி வாசிக்கும் பழக்கம் இதனோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. கமகம் குறைவு என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. கமகம் இருக்கிறது, அது மீட்டை விழுங்கிவிட அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இணை, அதே காலத்து அமெரிக்காவில் கிடைக்கிறது. ஜாஸ் குழுவின் டபுள் பாஸும் நிமிர்த்திப் பிடிக்கும் வாத்தியம், கீழ்ஸ்தாயி வாத்தியம், கூட்டத்தில் எளிதில் மூழ்கிப்போகும் வாத்தியம். நியூ ஆர்லியன்ஸ் வாசிப்பாளர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் மீட்டினார்கள். பித்தளைக் குழல்களுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் கேட்க வேண்டுமென்று தந்தியை இழுத்துப் பலகையில் அறையவும் செய்தார்கள். காலப்போக்கில் குழுவின் காலப்பிரமாணமே பாஸ்காரர் பொறுப்பானது. 1939 இறுதியில் டியூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்த ஜிம்மி பிளாண்டன் அந்தக் காலப்பிரமாணத்தை விடாமலே தனி வாசிப்புக்கும் பாஸைக் கொண்டுவந்தார். 1940இல் எலிங்டனின் பியானோவும் அவருடைய பாஸும் மட்டும் சேர்ந்த ஒலிப்பதிவுகள் வந்தன. 1942இல், 23 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. காரைக்குடிக்கும் ஜாஸுக்கும் கொடுக்கல்வாங்கல் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஒலிபெருக்கிக்கு முந்தைய உலகில் மீட்டு வாத்தியமும் தாள வாத்தியமும் அருகருகே உட்கார்ந்தபோது, இரண்டு கண்டங்களிலும் விடை வலக்கையில்தான் கிடைத்திருக்கிறது.

1936இல் அண்ணன் மறைந்தபின் பாணியின் முழுப் பாரமும் சாம்பசிவய்யர் தலையில் விழுந்தது. 1952இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது. அதே ஆண்டு, சங்கீத நாடக அகாதெமி முதன்முதலாக வழங்கிய விருதுகளில் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது.  கடைசிக் காலத்தில் சாம்பசிவய்யர் கலாக்ஷேத்ராவில் கற்பித்தார். ஆனால் அவருடைய மீட்டைச் சேதாரமில்லாமல் கடத்தியது குருகுலம்தான். ரங்கநாயகி ராஜகோபாலன் (1932–2018) சிறு குழந்தையாக அவர் வீட்டில் சேர்ந்து, கண்டிப்பான சாதகத்தில் வளர்ந்து, பின்னாளில் அவரோடு மேடையில் வாசித்தார். ரங்கநாயகியின் தானப் பதிவுகளில் மிருதங்கம் உடன்வருவதை இன்றும் கேட்கலாம். இக்கட்டுரையின் வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

பிறகு ஒலிவாங்கி வந்தது. வீணை மேல் பொருத்தும் காண்டாக்ட் மைக் வந்தபின் மெல்லிய மீட்டும் கடைசி வரிசைவரை போயிற்று. ஒரு மீட்டின் ஒலி நீண்டது. அந்த நீளத்துக்குள் இழுப்புகளை அடுக்க முடிந்தது. வீணைக் கலைஞர்கள் எஸ். பாலசந்தரின் இழுப்பும் சிட்டிபாபுவின் குழைவும் வேறுவேறு மேதைமைகள். ஆனால் பெருக்கிய ஒலி இல்லாமல் பெரிய அரங்குகளில் அவை அப்படி எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம். டபுள் பாஸுக்கும் இதே கதை: பிக்கப் என்ற ஒலிவாங்கி வந்ததும் தந்திகளைப் பலகைக்கு நெருக்கமாக இறக்கினார்கள், வேகம் கூடியது, தந்தியைப் பலகையில் அறைவது குறைந்தது.

காரைக்குடி மீட்டு மட்டும், அதைப் பிறப்பித்த அவசியம் போனபின்னும் மாறவில்லை. சாம்பசிவய்யர் சுவீகாரம் எடுத்துக்கொண்ட காரைக்குடி எஸ். சுப்பிரமணியன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய வீணை மரபையும் தனிப்பாணிகளையும் ஆராய்ந்து 1985இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆர்னெட் கோல்மனோடு வாசித்த ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் எட் பிளாக்வெல் கற்பித்துவந்த இடம் அது. சென்னை திரும்பிய சுப்பிரமணியன் 1989இல் பிருஹத்வனி என்ற இசை அமைப்பைத் தொடங்கினார். அவருடைய தமக்கை ராஜேஸ்வரி பத்மநாபன் கலாக்ஷேத்ராவில் இதே மீட்டைப் பல மாணவிகளின் விரல்களில் ஏற்றினார்.

ஆனால் ஜாஸோடு நேரடிச் சந்திப்பு, வீணை வழியாக அல்ல, காரைக்குடியின் மிருதங்கம் வழியாக நடந்தது. 1945இல் பிறந்து, காரைக்குடி ரங்கு ஐயங்காரிடம் பாடம் தொடங்கிய மிருதங்க வித்துவான் காரைக்குடி மணி, 1990களில் பால் கிரபோவ்ஸ்கியின் ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு இணைந்தார். அங்கே ஜாஸ் கலைஞர்கள் மிருதங்கக் கோர்வைகளையே தங்கள் வாத்தியங்களில் வாசித்தார்கள்.