மலையகத் தோட்டங்களின் ஆதிக் கிறிஸ்தவ சமூகங்கள்: தோற்றுவாய்கள் பற்றிய சில குறிப்புகள்

மலையகக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு 1854ஆம் ஆண்டு வாய்ப்பானதொரு தொடக்கமாக அமைந்துவிடுகிறது. அவ்வாண்டிலேதான் கோப்பித் தோட்டத் துரைமாரின் பொருளுதவியோடு, இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சி.எம்.எஸ். சங்கம் கண்டியை மையமாகக் கொண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் அமைப்பினைத் தோற்றுவித்தது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். அறிக்கைகள் எழுதப்பட்டுப் பேணவும்பட்டன. ஆவணம் எங்கு மிகுதியோ அங்கேயே வரலாறும் தொடங்குகிறது என்று கொள்ளும் மயக்கம் நமது ஆய்வுலகிற்குப் புதியதன்று.

ஆயின், 1854இல் தமிழகத் தொழிலாளர் தோட்டங்களுக்கு வரத்தொடங்கி ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர் மாரியம்மனையும் குலதெய்வங்களையும் வழிபட்டோரே. எனினும் அம்மாவட்டங்களிற் கிறிஸ்தவம் முன்னரே வேரூன்றியிருந்தது. அதுவும் ஒரே கிறிஸ்தவமாக அன்று. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் நொபிலி தொடக்கிய கத்தோலிக்க மரபு சாதி வேற்றுமையைச் சமுதாய வழக்கமெனக் கொண்டு அதற்கு இடமளித்தது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியிற் கால்கோளிட்ட லுத்தரன் மரபு தஞ்சைப் புறத்தே பரவிற்று. 1850இல் சென்னை மறைப்பணியாளர் மாநாடு, சாதியைக் கைவிட்டதற்குச் சான்றாக உடனுண்ணுதலைக் கோரியபோது, லைப்சிக் லுத்தரன் மிஷன் அதற்கு உடன்படவில்லை. இவ்வழக்குகள் யாவும் முற்றுப்பெறாத நிலையிலேயே மக்கள் கடல் கடந்தனர்.

இங்கு ஆள்கட்டும் முறையை மனங்கொள்ளல் வேண்டும். கங்காணி தன் ஊரிலும் உறவிலுமே ஆள் கட்டினான். முன்பணம் அவனுடையது, கடன் தொழிலாளியுடையது. இவ்வாறு வந்த கூட்டம் ஊரையும் சாதியையும் மட்டுமன்றி, அவ்வூர்க் கோவிலையும் உடன் கொணர்ந்தது. ஒரு தோட்டத்தில் அந்தோனியார் கெபியும் அடுத்த தோட்டத்தில் புரொட்டஸ்தாந்து செபக்கூடமும் இருத்தலுக்கு விளக்கம் தேடுவோர், மறைபரப்பாளரின் ஆற்றலை அளக்குமுன் கங்காணியின் சொந்த ஊரை விசாரிப்பது நன்று. சபைப்பிரிவுகளின் வரைபடம் பெரிதும் ஆள்கட்டலின் வரைபடமே என்பது நமது கருத்து.

இவ்வகைப் பன்மை மலையகத்திற்கு மட்டும் உரியதன்று. எங்கெல்ஸ் 1894இல் ஆதிக் கிறிஸ்தவம் பற்றி எழுதிய கட்டுரையில், அது அடிமைகளும் ஏழைகளும் உரிமையிழந்தோரும் சேர்ந்த இயக்கமாகத் தொடங்கியதென்றும், தன்னுள்ளே பிணக்குகள் நிரம்பியதென்றும் காட்டினார். வால்டர் பவர் 1934இல், சில பிரதேசங்களிற் பின்னர் 'வேதப்புரட்டு' எனப்பட்டதே முதலில் நிலவிய கிறிஸ்தவம் என வாதித்தார். அவ்வாதத்தின் விவரங்கள் பல மறுக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஒருமை முந்தியது, பிரிவு பிந்தியது என்ற பழைய நம்பிக்கை அதன்பின் உறுதியாக நிற்கவில்லை. கொரிந்துச் சபையின் இராப்போசனத்தில் உடையோர் முந்தி உண்ண, இல்லாதோர் பசித்திருந்ததைப் பவுல் கடிந்தார். அதனை வர்க்க வேற்றுமையின் வெளிப்பாடாகக் கெர்ட் தைசன் 1974இல் விளக்கினார். சாதிவாரியாக லயங்கள் ஒதுக்கப்பட்ட தோட்டங்களில், ஒரே கிண்ணத்திற் பருகும் நற்கருணை எத்தகைய சிக்கலை எழுப்பியிருக்கும் என்பதை உணர்வதற்குக் கொரிந்து நமக்குத் தூரதேசமன்று.

உபதேசியாரின் நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. திருநெல்வேலி சி.எம்.எஸ். சபைகளில் நாடார் சமூகத்தவரே மிகுதி. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பகுதியினரோ பறையர், பள்ளர், சக்கிலியர். மேலும், துரையின் இசைவின்றி லயத்தினுள் எவரும் புகமுடியாது. ஆக, நற்செய்தி கொணர்ந்தவர் வேற்றூரார், வேற்றுச் சாதியார், துரையின் அனுமதியோடு வந்தவர். கேட்டோர் அவரை எவ்வாறு மதித்தனர் என்பதை மிஷன் அறிக்கைகளிலிருந்து மட்டும் அறிய முனைவது, பிரட்டுக் களத்தைப் பங்களா வாசலில் நின்று வருணிப்பது போன்றது.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயனுடையது. கூலி மிஷன் தோன்றி மூன்றாண்டுகளில், 1857இல், உபதேசியார்களை அனுப்பிய அதே திருநெல்வேலியிற் சட்டாம்பிள்ளை என்பார் ஐரோப்பியரின் தலைமையை உதறிப் பிரகாசபுரத்தில் இந்துக் கிறிஸ்தவ சபையை நிறுவினார். தோட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஏன் அவ்வழி திறக்கவில்லை? அவர்தம் பக்தியிலோ துணிவிலோ குறை காண்பது தவறு. பிரகாசபுரத்தார்க்குக் காணியும் பனையும் வாணிகமும் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்குப் படுத்துறங்கும் காம்பராவும் தோட்டத்திற்கே சொந்தம். துரையோடு பிணங்கிய சபை மறுநாட் காலையில் எங்கே கூடுவது? கோவிலுக்கு அடியில் நிலம் வேண்டும். அந்நிலம் அவர்களுக்கு இருக்கவில்லை. எனவே அவர்களது பன்மை, வெளியிலிருந்து வந்த சபைப்பெயர்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது.

1869இல் கோப்பி இலைநோய் தோன்றிற்று; அடுத்த இருபதாண்டுகளிற் கோப்பி மறையத் தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. கோப்பிக் காலத்திற் பருவத்திற்கு வந்து மீண்டோர் தேயிலைக் காலத்தில் நிலையாகத் தங்கினர். சபைகளும் அவ்வாறே நிலைத்தன. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இலும், டிக்கோயாவின் வார்லி ஆலயம் 1878இலும் எழுந்தவை. வார்லியின் கல்லறைத் தோட்டத்திலே துரைமாரின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. தொழிலாளரின் பெயர்களைத் தேடுவோர் ஞானஸ்நானப் பதிவேடுகளையே புரட்டல் வேண்டும்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பெயர்களுக்குரியோரின் வழித்தோன்றல்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அவ்வாறு அனுப்பப்பட்டோரில் ஒரு பகுதியினர், மறுவாழ்வுக்கென 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில், நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிற் குடியமர்ந்தனர். கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தினரும் அவர்களிடையே இருந்தனர். மீண்டும் லயம், மீண்டும் பிறர் நிலத்திற் கோவில்.