முழங்கால் தேய்மானமும் ஓர் ஊரின் எடைக் கணக்கும்

முழங்கால் வலின்னு போனா, எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு "தேய்மானம்"னு சொல்லுவாங்க. டயர் மாதிரி ஓட ஓடத் தேயும், வயசானா வரத்தான் செய்யும், அவ்வளவுதான். இந்த எண்ணம் எப்போ ஆட்டம் கண்டுச்சுன்னு தேடிப் போனேன். கையில் கிடைத்தது ஒரு இதய ஆய்வு!

1948-ல் அமெரிக்காவில், பாஸ்டன் பக்கத்து ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் அது தொடங்கியது. மாரடைப்பு ஏன் வருகிறது என்பதுதான் கேள்வி. ஊர்க்காரர்கள் 5,209 பேரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், எடை எல்லாம் எழுதி வைத்தார்கள். முழங்காலுக்கு அதில் வேலையே இல்லை.

மூட்டு மருத்துவர்களிடம் வேறொரு சிக்கல் இருந்தது. உடம்பு கனத்தவர்களுக்கு முழங்கால் வலி அதிகம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனா எடையால வலி வந்ததா, இல்ல வலியால நடமாட்டம் கொறஞ்சு எடை ஏறிச்சா? வலியோட வந்து நிக்கிறவரை எடை பார்த்து இதைச் சொல்ல முடியாது. வலி வருவதற்குப் பல வருடம் முன்பே எழுதி வைத்த எடை வேண்டும். அப்படி யார் எழுதி வைப்பாங்க? ஃப்ராமிங்ஹாமில் வைத்திருந்தார்கள்.

1983-85-ல் அந்த ஆய்வில் மிஞ்சியிருந்த முதியவர்கள் சுமார் 1,400 பேருக்கு முழங்கால் எக்ஸ்ரே எடுத்தார்கள். டேவிட் ஃபெல்சன் குழு அதைப் பழைய எடைக் கணக்கோடு ஒப்பிட்டு 1988-ல் வெளியிட்டது. முப்பது வருடத்துக்கும் முன்னால் அதிக எடையோடு இருந்த ஐந்தில் ஒரு பங்குப் பெண்களுக்கு முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. ஆண்களுக்கு ஒன்றரை மடங்கு. ஆக, எடைதான் முன்னாடி வந்திருக்கு.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1992-ல் வந்த அடுத்த கட்டுரை. பத்து வருடத்தில் சுமார் 5 கிலோ குறைந்திருந்த பெண்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது. வெறும் 5 கிலோ! காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று பிற்பாடு அளந்து காட்டினார்கள். (முடக்குவாதம் என்கிற ருமடாய்டு வகை வேறு கதை. அது உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டையே தாக்குவதால் வருவது.)

சரி, அப்போ நடந்தா தேயாதா? அதே ஊர்க் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து 2007-ல் பதில் வந்தது. நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு, செய்யாதவர்களை விடத் தேய்மானம் கூடவில்லை.

2017-ல் ஹார்வர்டின் இயன் வாலஸ், டேனியல் லீபர்மேன் குழு எலும்புக்கூடுகளிடமே போனது. குருத்தெலும்பு போய் எலும்போடு எலும்பு உரசினால் தந்தம் மாதிரி பளபளப்பு ஏறும். அதை எண்ணினார்கள். ஐம்பது வயது தாண்டிய அமெரிக்கர்களில், நூறு வருடத்துக்கு முந்தைய தலைமுறையில் அது 6 சதவீதம், நம் காலத்தில் 16 சதவீதம். வேட்டையாடியும் பயிரிட்டும் வாழ்ந்த பழங்காலத்தவரிடம் 8. வயதையும் எடையையும் கணக்கில் கழித்த பிறகும் இரண்டு மடங்கு வித்தியாசம் மிஞ்சியது. டயர் கணக்குப்படி பார்த்தால், நாள் முழுக்க நடந்து குனிந்து உழைத்தவர்களுக்குத்தானே அதிகம் தேய்ந்திருக்க வேண்டும்? உட்கார்ந்தே இருப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்று அந்தக் குழு சந்தேகப்படுகிறது.