கட்டபொம்மனின் மூன்று உருவங்கள்

வரலாற்று மாந்தர் ஒருவரே காலந்தோறும் வெவ்வேறு உருக்கொள்வது இலக்கிய உலகில் புதியதன்று. இன்றைய சித்திரக்கதைகளும் இவ்வழியிலேயே செல்கின்றன. சிவகாசியிலிருந்து 1984 முதல் வெளிவரும் லயன் காமிக்ஸ் வாயிலாகத் தமிழ்ச் சிறுவர் அறிந்த ஸ்பைடர், குற்றவாளிகளின் அரசனாகத் தொடங்கிப் பின்னர் நீதியின் பக்கம் சேர்ந்தவன். 2005இல் வெளிவந்த 'ஆல்பியன்' என்னும் ஆங்கிலத் தொடரோ அவனைச் சிறையில் அடைபட்ட அச்சந்தரும் கொடியவனாகக் காட்டியது. படிப்போர் இது வேறோர் உலகின் கதை என்பதை அறிந்தே படிப்பதால் அங்கு எவருக்கும் இழப்பில்லை. வாழ்ந்து மறைந்த ஒருவருக்கு அத்தகைய மாற்றுக் கதை எழுதப்படும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. வீரபாண்டிய கட்டபொம்மனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அவருடைய முதல் உருவம் மக்கள் பாடலில் வாழ்வது. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கதைப்பாடல் அவ்வுருவை அச்சில் நிலைநிறுத்தியது. நாட்டுப்புறப் புலவர் தம் நாயகரைக் குற்றமற்றவராக்க முனையவில்லை. தானாபதிப் பிள்ளையின் ஆட்கள் திருவைகுண்டத்து நெற்களஞ்சியத்தைக் கொள்ளையிடுகின்றனர், உயிர்ச்சேதமும் நேர்கிறது. கட்டபொம்மனோ அமைச்சரைக் கும்பினியாரிடம் ஒப்படைக்க மறுக்கிறார். அச்செயலே அவர் அழிவுக்கு வழிகோலுகிறது. குற்றமும் பெருந்தன்மையும் ஒரே நிகழ்ச்சியில் பிணைந்து நிற்பதே அப்பாடலின் உயிர்நிலை.

இரண்டாவது உருவம் விடுதலைக்குப்பின் முழுமை பெற்றது. ம.பொ.சிவஞானம் தம் நூலாலும் மேடைப்பேச்சாலும் கட்டபொம்மனை இந்திய விடுதலைப் போரின் முன்னோடியாக நிலைநாட்டினார். 1957இல் சிவாஜி நாடக மன்றத்தின் நாடகமும், 1959இல் பி.ஆர். பந்துலுவின் திரைப்படமும் அவ்வுருவை ஊர்தோறும் கொண்டுசேர்த்தன. இன்றும் சிறுவர் மேடைகளில் முழங்கும் வரி குறித்த வீரவசனம் சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்தாற்றலுக்குச் சான்று. அது ஆவணத்தில் கண்டெடுத்ததன்று. இவ்வுருவில் களஞ்சியக் கொள்ளை மங்கிவிட, எட்டயபுரத்தார் பகைவராக ஓங்கி நின்றனர். 'எட்டப்பன்' என்பது காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று. உமறுப்புலவரைப் போற்றியதும், சுப்பிரமணியன் என்னும் இளைஞனுக்குப் 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்ததும் அந்த எட்டயபுரத்து அவையில்தான் என்பது பலர் நினைவிலிருந்து நழுவியது.

மூன்றாவது உருவம் இதற்கு எதிர்வினையாக எழுந்தது. 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன் எழுதிய நூலின் பெயரே 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்பதாகும். வெள்ளையடித்த சுவரில் கரி பூசுவதும் ஒருவகையில் எளிய வேலையே. கும்பினியாரின் கடிதங்களில் பாளையக்காரர்மீது கொள்ளைக் குற்றச்சாட்டுகள் மலிந்துள்ளன. எனினும் அச்சொல்லின் பின்னணியை ஆராய்தல் வேண்டும். ஊர்க்காவலுக்கும் வழிக்காவலுக்கும் ஈடாகப் பாளையக்காரர் கிராமங்களில் பணமும் தானியமும் பெறுவது நெடுநாள் வழக்கம். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையங்களின் கப்பத்தைத் தண்டும் உரிமை நவாபிடமிருந்து கும்பினியாருக்கு மாறியது. நேற்றுவரை காவல் உரிமையாக இருந்தது அவர்தம் ஏடுகளில் கொள்ளையாயிற்று. வலிந்து பறித்த நிகழ்ச்சிகளும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பகைவன் சூட்டிய பெயரையே முடிந்த தீர்ப்பாகக் கொள்வது ஆராய்ச்சி நெறியாகாது.

அப்பகைவரின் ஏடுகளிலேயே வேறு செய்திகளும் உள்ளன. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஆட்சியர் ஜாக்சனைச் சந்தித்தபோது கலகம் மூண்டு, கிளார்க் என்னும் படைத்தலைவர் உயிரிழந்தார். அதனை ஆராய்ந்த கும்பினியாரின் விசாரணைக் குழு கட்டபொம்மன்மேல் குற்றமில்லை எனக் கண்டது. ஜாக்சன் பதவி இழந்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிடச் செய்தவர் மேஜர் பானர்மன். மறுநாள் அவர் எழுதிய அறிக்கையைக் கால்டுவெல் ஐயர் தம் திருநெல்வேலி வரலாற்றில் (1881) எடுத்தாண்டுள்ளார். விசாரணையில் அஞ்சாது நின்றதையும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சியோடு நோக்கியதையும், உறுதியான நடையோடு தூக்குமேடைக்குச் சென்றதையும் அவ்வறிக்கை மறைக்காமல் கூறுகிறது.

இந்த வரலாறு மீமிசல் முதலிய கடலோர ஊர்களை உள்ளடக்கிய புதுக்கோட்டை மாவட்டத்திற்கு அயலதன்று. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை விட்டகன்ற கட்டபொம்மன் பிடிபட்டது திருக்களம்பூரை அடுத்த காட்டில். பிடித்துக் கொடுத்தவர் விஜய ரகுநாதத் தொண்டைமான். அமைச்சரை ஒப்படைக்க மறுத்தவர் தாமே ஒப்படைக்கப்பட்டார். தொண்டைமான் மரபினர் கர்நாடகப் போர்க் காலத்திலிருந்தே, குறிப்பாகத் திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது, ஆங்கிலேயருக்கு உணவுப்பொருள் அனுப்பி உதவிய நட்பினர். அந்நட்புக்குப் பயனாக 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதனைச் சார்ந்த நாடும் அவர்களுக்குக் கிடைத்தன. பாளையங்கள் பல அழிந்தபோதும் புதுக்கோட்டை 1948 வரை தனியரசாக நிலைத்தது. அந்நிலைப்பேற்றின் விலையில் கயத்தாற்றுத் தூக்கும் ஒரு பகுதி. இதனை மறைத்துத் தொண்டைமானைப் போற்றுவதும், இதனை மட்டுமே கூறி அவரைத் தூற்றுவதும் அரைகுறை வரலாறே.

மூன்று உருவங்களையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒருவரைக் குறையேயில்லாதவராக உயர்த்தினால், அவர் குறைகளையெல்லாம் சுமக்க மற்றொருவர் தேவைப்படுகிறார். அவரையே கொடியவராகத் தாழ்த்தினால், அவரை ஒப்படைத்தவர்களின் பொறுப்பு சொல்லாமலே கழிந்துவிடுகிறது. எழுத்தறிவு குறைந்த மக்களிடையே வழங்கிய கதைப்பாடல் மட்டும் இவ்விரண்டையும் செய்யவில்லை. கொள்ளையையும் கூறியது, கொண்ட உறுதியையும் கூறியது. அதனால்தான் அதைக் கேட்டோர் நாயகரின் குற்றத்தை அறிந்தும் அவருக்காகக் கண்ணீர் விட்டனர்.

கற்பனை செய்யக் கவிஞர்க்கு முழு உரிமை உண்டு. வாழ்ந்தவரைப் பற்றிப் பாடும்போது, எது கற்பனை, எது நிகழ்ந்தது என்று கேட்போர் பிரித்தறிய இடம் வைப்பது அவ்வுரிமையோடு சேர்ந்த கடமையாகும். புதுக்கோட்டை மண்ணின் கவிஞர்கள் என்றேனும் கட்டபொம்மனைப் பாடும்போது, திருக்களம்பூர்க் காட்டையும் அப்பாட்டில் விடாது பாடுவார்களாக.