பால்வாடியில் பால் எங்கே?

இந்த எபிசோடு ஒரு போன் காலில் ஆரம்பிச்சது. அம்பகரத்தூரிலிருந்து பெரியப்பா மகள், எங்க அக்கா, பேசினாங்க. வீட்டுத் திண்ணையில மூணு வயசுப் பிள்ளைங்களுக்கு ஒரு ப்ளே ஸ்கூல் தொடங்கப் போறாங்களாம். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, நல்ல இங்கிலீஷ் பேரா ஒண்ணு வச்சு லோகோ போட்டுக் குடுடா தம்பி" என்றார்கள். பேர் தேடப் போன இடத்தில் நான் மாட்டிக்கொண்ட கதைதான் இது.

அம்பகரத்தூர் தெரியாதவர்களுக்கு: காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு கொம்யூன். பத்ரகாளியம்மன் கோயில் என்றால் டெல்டாக்காரர்கள் தலையாட்டுவார்கள். சுற்றிலும் வயல். நான் அங்கே 'பால்வாடி'யில் உட்கார்ந்தவன். பேரைக் கேட்டு, தினமும் பால் குடுப்பாங்கன்னு நம்பிப் போய், சத்துமாவு உருண்டையோட திரும்பி வந்தேன். அந்த ஏமாற்றம் இன்னும் இருக்கு.

உண்மையில் அதில் பாலே கிடையாது. நம்ம 'பாலர் பள்ளி'யில் இருக்கிற அதே பாலர்தான் இந்த 'பால்'. 'வாடி' என்றால் குஜராத்தி, மராத்தியில் தோட்டம், சிறு குடியிருப்பு. குழந்தைகளின் தோட்டம். 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் மழலையர் பள்ளியை 'எகோல் மதெர்னெல்' என்பார்கள், தாயைப் போன்ற பள்ளி என்ற பொருளில். அந்தச் சொல் எங்க தெருவுக்குள் வரவே இல்லை. எங்கோ மேற்குக் கரையில் பிறந்த சொல்தான் வந்து உட்கார்ந்தது. எப்படி?

1920இல் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்பவர் 'பால மந்திர்' தொடங்கினார். முதலில் வக்கீல். தன் மகனை எப்படி வளர்ப்பது என்று தேடும்போது மரியா மாண்டிசோரியின் எழுத்துகள் கையில் கிடைத்தன. அதோடு வக்கீல் தொழில் போச்சு. அவருடன் சேர்ந்தவர் தாராபாய் மோடக், 1892இல் பிறந்த மராத்திப் பெண். 1926இல் இவர்கள் 'நூதன் பால சிக்ஷண் சங்கம்' அமைத்தார்கள். மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் மூண்டதால் வருடக்கணக்கில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது தனிக்கதை. இன்னொரு எபிசோடில் பேசுவோம்.

மாண்டிசோரி முறையில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் சாமான்கள்: அளவெடுத்துச் செய்த மரக்கட்டைகள், உருளைகள், மணிகள். விலை அதிகம். நகரத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும், கிராமத்துப் பிள்ளைக்கு? 1931இல் லண்டனில் மாண்டிசோரியின் பயிற்சிக் கல்லூரியில் பேசிய காந்தியும் இந்தியாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு இது எட்ட வேண்டும் என்றுதான் பேசினார். பேசுவது சுலபம். செய்ய 1945 ஆனது.

அந்த வருடம் தாராபாய், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, நகரத்தை விட்டு அன்றைய தாணா மாவட்டத்துக் கடலோரக் கிராமமான போர்டிக்குப் போய் ஒரு பால்வாடி தொடங்கினார். கூட வந்தவர் அனுதாய் வாக். சிறுமியாக இருந்தபோதே கல்யாணமாகி, சிறுமியாக இருந்தபோதே கணவரை இழந்தவர். மரச்சாமானுக்குப் பதில் கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை. எண்ணவும் நிறம் பிரிக்கவும் அது போதும்.

எல்லாம் தயார். ஆனா பிள்ளைங்க வரலை. சரியாச் சொல்லணும்னா, சில பிள்ளைகள் வந்தார்கள். தலித் குடியிருப்புப் பிள்ளைகள், கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் வரவில்லை. ஊர் நடுவில் இருக்கும் ஒரு கட்டடத்துக்குள் அவர்கள் வீட்டுப் பிள்ளை நுழைவது அந்தக் காலத்தில் (அந்தக் காலத்தில் மட்டுமா?) சாதாரண விஷயம் இல்லை.

இங்கேதான் நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்க ஒரு ஆப் செய்கிறோம், யாரும் பயன்படுத்தவில்லை என்றால், என்ன சொல்வோம்? 'யூசருக்குப் புரியலை' என்போம். தாராபாய் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்று ஆசிரியைகளை அந்தக் குடியிருப்புக்கே அனுப்பினார். அவர்கள் ஏதோ ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை வாரி, நகம் வெட்டி, பிறகு பாட்டு, கதை, விளையாட்டு. மராத்தியில் முற்றம் என்றால் 'அங்கண்'. அங்கன்வாடி என்றால் முற்றத்துப் பள்ளி. இன்றைக்கு அரசாங்கப் பலகையில் இருக்கும் அந்தச் சொல் இப்படித்தான் பிறந்தது.

1957இல் வேலை கோஸ்பாட் குன்றுக்கு நகர்ந்தது. வார்லி ஆதிவாசிகள் வாழும் பகுதி. அங்கே வேறொரு தடை. ஏழெட்டு வயசுப் பெண்பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, ஏன்? இடுப்பில் தம்பி. அம்மா வேலைக்குப் போயாச்சு, குழந்தையை யார் பார்ப்பது? அதனால் கைக்குழந்தைகளுக்கான காப்பகம், பால்வாடி, ஆரம்பப் பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். அக்கா தம்பியைத் தூக்கிக்கொண்டே வரலாம். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடந்தது.

இது நம்ம பக்கம் இல்லாத காட்சியா? நடவு நேரத்தில் வரப்போரக் கருவேல மரத்தில் பழைய சேலையில் தூளி தொங்கும். ஆட்டுகிறது யார்? வீட்டுப் பெரிய பொண்ணு. எங்க அப்பாயிக்கு அ, ஆவன்னா தெரியும். அவங்க அக்காவுக்குத் தெரியாது. மூணு பிள்ளைங்களுக்குத் தூளி ஆட்டினதுல அவங்க படிக்கிற வயசு போச்சுன்னு அப்பாயி சொல்வாங்க. மழலையர் பள்ளியின் வரலாற்றை நான் அது வரை குட்டிப் பிள்ளைங்க கதையாகத்தான் பார்த்திருந்தேன். பாதிக்கதை அந்தப் பெரிய பொண்ணோடது.

இன்னொரு கரையையும் எட்டிப் பார்ப்போம். 1982இல் நியூசிலாந்தின் வெலிங்டன் அருகே வைனுயோமாட்டா என்ற இடத்தில் மாவோரி மக்கள் 'கோஹங்க ரியோ' தொடங்கினார்கள். மொழிக்கூடு என்று பொருள். மாவோரி பேசுபவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். அவர்கள் மடியிலேயே பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து அந்த மொழியிலேயே விளையாட விட்டார்கள். பிறகு அங்கே குடியேறியிருந்த சமோவா போன்ற பசிபிக் தீவு மக்களும் தங்கள் மொழியில் மழலையர் குழுக்களை நடத்தினார்கள். மூணு வயசுப் பிள்ளை எந்த மொழியில் விளையாடுதுங்கறதும் சாதாரணக் கேள்வி இல்லை. எங்க அக்காவுக்கு இங்கிலீஷ் பேர்தான் வேணும்.

1975 அக்டோபர் 2இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. மையத்துக்கு வைத்த பேர் அங்கன்வாடி. தாராபாய் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1973இல், இறந்துவிட்டார். இன்று நாட்டில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மையங்கள். சத்துணவு, தடுப்பூசி, எடை பார்ப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் ஒரே பெண் தலையில், உதவிக்கு இன்னொரு பெண். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, 'மதிப்பூதியம்'. தூளி ஆட்டினால் கூலி தர மாட்டோமே, அதே கணக்கு! பணிக்கொடைக்கு இவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில். திட்டம் தொடங்கி 46 வருடம் கழித்து.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். அவங்க லிஸ்ட்ல பதினோரு பிள்ளைங்க, எல்லாம் நம்ம தெரு, அடுத்த தெரு. "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "அவங்க நம்ம திண்ணைக்கு அனுப்ப மாட்டாங்கடா" என்றார்கள். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "என்னைய அங்க போயி உக்காரச் சொல்றியா?"

நான் பதில் சொல்லவில்லை. லோகோவும் இன்னும் போடலை.