புல்லட் ஏன் சிக்னல்ல நின்னு போகுது?

போன வாரம் ஒரு நண்பரோட வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். 1984 மாடல் புல்லட் 350, அவங்க அப்பா ஓட்டினது. பத்து வருஷம் ஷெட்ல கிடந்ததை எடுத்து, பெயின்ட், குரோம் எல்லாம் பண்ணி பளபளன்னு வச்சிருக்கார். உதைச்சா ஸ்டார்ட் ஆகுது. ஆனா சிக்னல்ல ஆக்சிலேட்டரை விட்டதும் நின்னுடுது. "பழைய கார்புரேட்டரைத் தூக்கிப் போடு, புதுசு மாட்டு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்பா கை பட்ட பொருள், அவருக்கு மனசு வரல.

இதுக்குப் பதில் கொஞ்சம் வரலாற்றுலயும் இருக்கு.

1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. நம்ம ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததுதான் ஆரம்பப்புள்ளி. முதல்ல பாகங்கள் இங்கிலாந்துல இருந்து வந்தன, இங்கே பூட்டினாங்க. அப்புறம் திருவொற்றியூர்லயே முழு வண்டியும் தயாராச்சு. கார்புரேட்டரும் அதே பாதைதான். முதல்ல பர்மிங்காமின் அமல். பிற்காலத்துல ஜப்பானின் மிகுனி வடிவமைப்பைத் தழுவிய மிக்கார்ப்.

பெயர் மாறினாலும் வேலை ஒண்ணுதான். என்ஜின் காற்றை உறிஞ்சுது, அந்தக் காற்று குறுகலான வழியில வேகமா போகும்போது அழுத்தம் குறையுது, கீழே இருக்கற கிண்ணத்துல இருந்து பெட்ரோல் ஜெட் வழியா மேலே வருது. ஐடிலிங்குக்கு பைலட் ஜெட். நடு வேகத்துக்கு நீடில். முழு வேகத்துக்கு மெயின் ஜெட். அதனால வண்டி எந்த வேகத்துல தகராறு பண்ணுதுன்னு கவனிச்சாலே பாதி விடை கிடைச்சிடும். நண்பரோட வண்டி ஓடும்போது நல்லா ஓடுது, ஐடிலிங்ல மட்டும் சாகுது. அப்போ சந்தேகம் பைலட் ஜெட் மேல.

அந்த ஜெட்டோட ஓட்டை ஊசிமுனை அளவுதான். வருஷக்கணக்கா நின்ன பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி படிஞ்சு அதை அடைச்சிடும். இன்னொரு விஷயம்: அந்த வண்டி செய்யப்பட்ட காலத்துல நம்ம பங்க்குகள்ல எத்தனால் கலப்பு கிடையாது. இன்னைக்கு 20 சதவீதம் வரைக்கும் கலக்கறாங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும், அதே ஜெட்ல கலவையைக் கொஞ்சம் லீனாவும் ஆக்கும்.

அவர் கூட்டிட்டுப் போன பெரியவர் மெக்கானிக் முதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்த்தார். கறுப்புக் கரின்னா பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தா காற்று அதிகம். இது வெளுத்திருந்தது. என்ஜினும் கார்புரேட்டரும் சேர்ற இடத்துல கேஸ்கெட் காற்று கசியுதான்னு பார்த்தார், கசியல. அப்புறம்தான் கிண்ணத்தைத் திறந்தார். பைலட் ஜெட் அடைச்சிருந்தது. கம்பி விட்டுக் குத்தல, பித்தளை ஓட்டை பெரிசாகிடும். கிளீனர்ல ஊறவச்சு, காத்தடிச்சுத் திறந்தார். கடைசியா ஏர் ஸ்க்ரூவை மெதுவா திருகி, சத்தத்தைக் கேட்டே ஐடிலிங் வச்சார்.

2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 விதி வந்ததும் புது புல்லட்ல கார்புரேட்டரே போயிடுச்சு. இப்போ சென்சார் கணக்குப் போடுது. புகை குறையுது, நல்லதுதான். ஆனா காதால வண்டியைப் படிக்கத் தெரிஞ்சவங்க குறைஞ்சுட்டே வர்றாங்க. உங்க வீட்ல பழைய வண்டி இருந்தா, கார்புரேட்டரை மாத்தறதுக்கு முன்னாடி அப்படி ஒருத்தர்கிட்ட காட்டுங்க. பக்கத்துல நின்னு பாருங்க, கத்துக்கோங்க.