அருட்பா – மருட்பா விவாதம்: கண்டன நூல்களும் மஞ்சக்குப்பம் வழக்கும்

அருட்பா – மருட்பா விவாதம் என்பது இராமலிங்க அடிகளின் (வள்ளலார், 1823–1874) பாடல்களைத் 'திருவருட்பா' என்று அழைப்பது தகுமா என்ற கேள்வியில் தொடங்கி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்த அச்சுவழிப் பூசல். சிதம்பரம், கடலூர், சென்னை ஆகிய ஊர்கள் இதன் களங்கள். ஒரு பக்கம் வள்ளலாரின் மாணவர்களும் அன்பர்களும், மறுபக்கம் யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலரும் (1822–1879) அவர் வழிவந்தவர்களும் நின்றனர்.

இரண்டு பெரிய ஆளுமைகளின் மோதலாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் இவ்விவாதத்தை இத்தனை நீளமாகவும் இத்தனை கசப்பாகவும் ஆக்கியது ஆளுமைகள் மட்டுமல்ல. அச்சில் வந்த ஒரு நூலுக்கு அச்சிலேயே மறுமொழி சொல்லும் வசதி தமிழ் வாசகர்களுக்குக் கிடைத்திருந்தது. அந்த மறுமொழிகளைக் கேட்டு, தள்ளவேண்டியதைத் தள்ளி, ஒரு முடிவுக்குக் கொண்டுவரும் அவை எதுவும் இருக்கவில்லை.

அரங்கேற்றமும் அச்சும்

அச்சுக்கு முன் தமிழில் ஒரு நூல் அரங்கேற்றத்தின் வழியாகவே உலகுக்கு வந்தது. புலவர்களும் ஊர்ப் பெரியோரும் கூடிய அவையில் ஆசிரியர் நூலைப் படித்துப் பொருள் சொல்வார். தடை எழுப்ப விரும்புபவர் அங்கேயே எழுப்புவார். விடையும் அங்கேயே சொல்லப்படும். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறியபோது, காப்புச் செய்யுளின் முதல் தொடரிலுள்ள புணர்ச்சிக்கு இலக்கண விதி இல்லை என்று ஒருவர் தடுத்ததாகவும், வீரசோழியத்திலிருந்து விதி காட்டப்பட்ட பிறகே அரங்கேற்றம் தொடர்ந்ததாகவும் மரபுக் கதை சொல்கிறது. கதையின் உண்மை எப்படியிருந்தாலும், ஆட்சேபம் சொல்பவர் எழுந்து நின்று தன் முகத்தைக் காட்டவேண்டும் என்பதும், விடை வந்தபின் அவர் உட்காரவேண்டும் என்பதும் அதில் தெளிவாக உள்ளன.

1835-ல் இந்தியாவில் அச்சகங்களுக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் பணம் திரட்ட முடிந்த எவரும் எட்டுப் பக்கத்திலோ எண்பது பக்கத்திலோ ஒரு கண்டனம் அச்சிட்டு வெளியிடலாம் என்ற நிலை வந்தது. 1867-ல் இயற்றப்பட்ட அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம், அச்சிட்டவர் பெயரும் இடமும், வெளியிட்டவர் பெயரும் நூலில் இருக்கவேண்டும் என்று விதித்தது. எழுதியவர் பெயரை அது கேட்கவில்லை. கண்டன நூல்களின் வரலாற்றில் இந்தச் சிறு இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு.

1867: நூல் வெளிவருதல்

சட்டம் வந்த அதே ஆண்டில்தான் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் சென்னையில் அச்சாகி வெளிவந்தன. தொகுத்தவர் வள்ளலாரின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். பாடல்களை அச்சிட வள்ளலாரின் இசைவைப் பெறுவதே பெரும்பாடாக இருந்தது. அன்பர்களில் ஒருவரான இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒருவேளை உணவே கொள்வது என்று நோன்பிருந்தார். அதன் பிறகே வள்ளலார் இணங்கினார். அப்போதும் தன் பெயரை 'இராமலிங்கசாமி' என்று அச்சிடுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று கடிதம் எழுதினார்.

நூல் வெளிவந்தபோது 'திருவருட்பா' என்ற பெயரும், 'திருமுறை' என்ற பகுப்பும், 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்ற சிறப்புப் பெயரும் அதில் இடம்பெற்றிருந்தன. நூலோடு சேர்ந்து வேலாயுத முதலியார் செய்யுளில் எழுதிய 'திருவருட்பா வரலாறு' என்ற பகுதியும் இருந்தது. இவை ஆசிரியர் தனக்குச் சூட்டிக்கொண்டவை அல்ல, பதிப்பித்தவர் சூட்டியவை. பின்னர் வந்த கண்டனங்களில் பெரும்பகுதி பாடல்களைவிட இந்தப் பெயர்களையே குறிவைத்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

'திருமுறை' என்ற சொல் சைவர்களுக்குச் சாதாரணமானதல்ல. தேவாரம், திருவாசகம் தொடங்கிப் பெரியபுராணம் ஈறாகப் பன்னிரண்டு திருமுறைகளே அப்பெயருக்குரியவை. அந்தத் தொகை சிதம்பரத்தோடு பிணைந்தது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் பூட்டிய அறையிலிருந்து மீட்கப்பட்டன என்பதும், சேக்கிழார் அங்குள்ள ஆயிரக்கால் மண்டபத்தில் பெரியபுராணத்தை அரங்கேற்றினார் என்பதும் சைவ மரபு. சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்து, உயிரோடு இருக்கும் ஒருவரின் பாடல்களுக்கு அதே பெயரை அச்சில் பார்த்தபோது நாவலருக்கு ஏற்பட்ட அதிர்ச்சி வெறும் பொறாமை அல்ல. கோயில்களில் தேவாரத்தின் இடத்தைப் புதிய பாடல்கள் பிடித்துக்கொள்ளும் என்று அவர் அஞ்சினார்.

நாவலர் கற்ற கண்டன முறை

நாவலர் இந்த விவாதத்துக்குப் புதியவராக வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1841 முதல் நடத்திய 'உதயதாரகை' இதழில் கிறிஸ்தவர்களும் சைவர்களும் கடிதங்கள் வழியாக வாதிட்டனர். அங்கே ஓர் இதழாசிரியர் இருந்தார். எதை வெளியிடுவது, எப்போது நிறுத்துவது என்று அவர் முடிவு செய்தார். அந்த ஆசிரியர் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர் என்பதுதான் சைவர்களின் குறை. எனவே நாவலர் சொந்தமாக அச்சகம் நிறுவினார். 1854-ல் மிஷனரிகளின் கண்டனங்களுக்கு விடையாகச் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டார். எதிரியின் கூற்றை எடுத்து ஒவ்வொன்றாக உடைப்பது, கேள்விகளை வரிசையாக அடுக்குவது, நூலாசிரியரின் தகுதியையே கேள்விக்குள்ளாக்குவது ஆகிய உத்திகள் அங்கே கூர்தீட்டப்பட்டவை. பிறகு அதே கருவிகள் சைவர் மீதே திரும்பின.

1864-ல் அவர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். தில்லைத் தீட்சிதர்களோடும் அவருக்குப் பகை வளர்ந்திருந்தது. கோயில் வழிபாடு சிவாகம நெறிப்படி நடக்கவில்லை, தீட்சிதர்கள் சிவதீட்சை பெறாதவர்கள் என்று அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அருட்பா எதிர்ப்பும் தீட்சிதர் எதிர்ப்பும் தனித்தனிப் பூசல்கள். சிதம்பரத்தில் அவை ஒன்றாகக் கலந்துவிட்டன.

வள்ளலார் பாடல்களை எதிர்த்து நாவலர் எழுதிய 'போலியருட்பா மறுப்பு' மாவண்டூர் தியாகேச முதலியார் என்பவர் பெயரில் வெளிவந்தது. நடையைப் பார்த்தே எழுதியவர் யார் என்று எல்லாரும் அறிந்துகொண்டனர். அருட்பா தரப்பினரும் மறுப்புகளை அச்சிட்டனர். மறுப்புக்கு மறுப்பு, அதற்கும் மறுப்பு என்று நூல்கள் பெருகின. 'மருட்பா' என்ற ஏளனப் பெயரும் நிலைத்தது. யாப்பிலக்கணத்தில் மருட்பா என்பது வெண்பாவும் ஆசிரியப்பாவும் கலந்துவரும் ஒரு பாவகை; மயக்கம் தரும் பாட்டு என்ற வசைக்கு இலக்கணச் சொல் இரட்டுற மொழிதலாகப் பயன்பட்டது. வசைபாடுவதிலும் புலமை காட்டிய காலம் அது. தொடக்கத்தில் இலக்கணப் பிழை, சொற்குற்றம், சித்தாந்த முரண் என்று பேசிய நூல்கள் சீக்கிரமே பிறப்பு, ஒழுக்கம், வருமானம் என்று இறங்கிவிட்டன.

வள்ளலார் தன் பெயரில் ஒரு கண்டன நூலும் எழுதவில்லை. விவாதத்துக்கு அவர் கூசியவர் அல்லர். கடலூரில் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த ஸ்ரீதர நாயக்கரோடு உருவ வழிபாடு குறித்து அவர் நேரில் வாதிட்டதை அவர் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. எதிரில் அமர்ந்தவரோடு பேசினார். அச்சில் வந்தவற்றை மாணவர்களிடம் விட்டுவிட்டார். இந்த மௌனம் அவருக்குப் பெருமை சேர்த்தது உண்மை. ஆனால் அதனால் பூசல் தணியவில்லை. ஆசிரியர் பேசாத இடத்தில் அன்பர்கள் அவரைவிட உரக்கப் பேசினார்கள்.

தில்லைக் கோயிலில் கூட்டம்

1869-ல் ஆனி உத்திர நாளில் தில்லைக் கோயிலில் தீட்சிதர்கள் ஒரு கூட்டம் கூட்டினர். வள்ளலாரும் அதில் கலந்துகொண்டார். பழைய அரங்கேற்ற அவையைப் போன்ற ஒன்றாக அது அமைந்திருக்கலாம். ஆட்சேபம் சொன்னவரையும் அழைத்து, இருதரப்பையும் கேட்டு ஒரு முடிவு சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டியவர்களே வழக்கில் ஒரு கட்சி. நாவலர் அங்கே இல்லை. கூட்டத்தில் அவரை இழித்துப் பேசினார்கள் என்ற செய்தி அவருக்குச் சென்றது. அவர் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் தீட்சிதர்கள் சிலர் மீதும் வள்ளலார் மீதும் வழக்குத் தொடுத்தார்.

மஞ்சக்குப்பம் வழக்கு

மஞ்சக்குப்பம் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் தலைமையிடம். இன்று கடலூர் நகரத்தின் ஒரு பகுதி. சிதம்பரத்தில் எழுந்த சைவ விவாதம் சுமார் 45 கிலோமீட்டர் வடக்கே இருந்த ஆங்கிலேய நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த வழக்கைப் பற்றிப் பரவலாக நிலவும் ஒரு கருத்தைத் திருத்தவேண்டியுள்ளது. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வியே அல்ல. கோயில் கூட்டத்தில் ஒருவரை அவதூறாகப் பேசினார்களா என்பதே வழக்கு. முடிவில் தீட்சிதர் ஒருவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது, வள்ளலார் விடுவிக்கப்பட்டார். வள்ளலார் உள்ளே நுழைந்ததும் நாவலர் உட்பட அனைவரும் எழுந்து நின்றனர், அதைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார் என்ற கதை அன்பர்களின் நூல்களில் வருகிறது. நாவலர் வரலாற்றை எழுதியவர்கள் இதே வழக்கை அவருடைய வெற்றியாகச் சொல்கிறார்கள். இரு தரப்பும் வென்றதாக நினைக்க இடம் தந்த தீர்ப்பு, சண்டையை எப்படி முடிக்கும்?

அன்று நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் (1860) இந்தச் சிக்கலை அறியாதது அல்ல. அவதூறு பற்றிய 499-ஆம் பிரிவின் ஆறாவது விதிவிலக்கு, நூலை வெளியிடுபவர் அதைப் பொதுமக்களின் மதிப்பீட்டுக்கு வைக்கிறார் என்றும், நல்லெண்ணத்தோடு அந்நூலின் தகுதி குறித்துச் சொல்லும் கருத்து அவதூறாகாது என்றும் கூறுகிறது. அதிலுள்ள விளக்க எடுத்துக்காட்டு சுவையானது. ஒரு நூல் அறிவற்றது, ஆகவே எழுதியவர் அறிவு குறைந்தவராக இருக்கவேண்டும் என்று சொல்லலாம். எழுதியவர் ஒழுக்கமற்றவர், ஆகவே நூல் இப்படி இருப்பதில் வியப்பில்லை என்று சொன்னால் பாதுகாப்பு இல்லை. நூலிலிருந்து ஆளுக்குப் போகலாம். ஆளிலிருந்து நூலுக்கு வரக்கூடாது. அருட்பா – மருட்பா நூல்களில் பல இந்தக் கோட்டை ஒரே பத்தியில் இருமுறை தாண்டுகின்றன.

இரண்டாம் சுற்று

வள்ளலார் 1874-லும் நாவலர் 1879-லும் மறைந்தனர். ஐந்தாம் திருமுறை 1880-லும், வள்ளலார் வாழ்நாளில் வெளிவராத ஆறாம் திருமுறை 1885-லும் அச்சாயின. ஆறாம் திருமுறையில் சாதி, சமயம், சாத்திரம் எல்லாவற்றையும் மறுக்கும் குரல் வெளிப்படையாக ஒலித்தது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், முன்பு சைவத்தின் மேல் தனக்கிருந்த பற்றுதலே இப்போது போய்விட்டது என்று வள்ளலார் சொல்லியிருந்தார். அவருடைய பாடல்களுக்குச் சைவத் திருமுறைகளில் இடம் உண்டா என்று இரு தரப்பும் அடித்துக்கொண்டிருந்தபோது, பாடியவர் அந்தக் கேள்வியை விட்டு விலகிப் போயிருந்தார்.

1900-களின் தொடக்கத்தில் சென்னையில் பூசல் மீண்டும் மூண்டது. நாவலர் மரபில் வந்த நா. கதிரைவேற்பிள்ளை அருட்பாவைக் கண்டித்து எழுதியும் மேடைகளில் பேசியும் வந்தார். எதிரில் மறைமலையடிகளும், நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றைச் சேர்ந்த இஸ்லாமியப் புலவர் செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவுக்காக நின்றனர். சைவர் இருவகையாகப் பிரிந்து நிற்க, ஒரு முஸ்லிம் புலவர் மேடையேறி அருட்பாவின் பெருமையை நிறுவியது அந்தக் காலத்தின் அழகுகளில் ஒன்று. மீண்டும் நீதிமன்றம், மீண்டும் அவதூறு வழக்கு. கதிரைவேற்பிள்ளையின் மாணவரான திரு.வி.க. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போனதால் பள்ளித் தேர்வை எழுதமுடியாமல் போனது. அதோடு அவருடைய பள்ளிப் படிப்பும் நின்றது. பிற்காலத்தில் அவரே வள்ளலாரைப் போற்றி 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்ற நூலை எழுதினார்.

கண்டன நூல்கள்

விவாதம் ஓய்ந்தபின் அந்த நூல்கள் சிதறிப்போயின. அவரவர் தரப்பு நூல்களை அவரவர் பாதுகாத்தனர். எதிர்த்தரப்பு நூல்களைத் தேட எவருக்கும் அக்கறை இல்லை. ஆய்வாளர் ப. சரவணன் இருதரப்பு நூல்களையும் நூலகங்களிலிருந்து தேடியெடுத்து, 'அருட்பா X மருட்பா கண்டனத் திரட்டு' என்ற பெயரில் பெருந்தொகுப்பாகப் பதிப்பித்தார். போலியருட்பா மறுப்பும் அதற்கு எழுந்த மறுப்புகளும் ஒரே அட்டைக்குள் அடுத்தடுத்து அச்சாக நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.