தனுஷ்கோடி: பாலத்துக்கு 46 நாள், ஊருக்கு?

நான் காணைக்காரன். எங்க ஊர்ல இருந்து எங்க போகணும்னாலும் விழுப்புரம் ஜங்ஷன்தான் வாசல். அந்த ஜங்ஷன் வழியாத்தான் ஒரு காலத்துல கொழும்புக்கே போனாங்கன்னு சொன்னா நம்புவீங்களா?

அதுதான் போட் மெயில். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூர்ல ஏறினவங்க விழுப்புரம், திருச்சி தாண்டி, பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி துறையில் இறங்குவாங்க. அங்கிருந்து கப்பல். சுமார் 35 கிலோமீட்டர் கடல் தாண்டினா தலைமன்னார், மறுபடியும் ரயில்.

இரண்டு பக்கமும் கடல், நடுவுல மணல். விவசாயம் கிடையாது. ஆனாலும் ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தது. மீனும் கோயில் யாத்திரையும் முன்னாடியே உண்டு. ஊரைப் பெரிசாக்கினது ரயிலும் கப்பலும்தான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு. பாம்பன்ல இருந்து கிளம்பின 653-ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும்போது புயல் அலையில் சிக்குச்சு. வண்டியில் இருந்தவங்க யாரும் பிழைக்கலை. நூற்றுக்கும் மேலன்னு கணக்கு சொல்றாங்க. டிக்கெட் எடுக்காம ஏறினவங்க அந்தக் கணக்குல வர மாட்டாங்க. டேட்டாபேஸோட வேலை பார்க்கிற எனக்கு இந்த இடம் உறுத்துது. பதிவுல இல்லாதவங்க சாவுலயும் இல்லாமப் போறாங்க.

இன்னொன்னு. அதே புயல் பாம்பன் பாலத்தையும் பிய்ச்சுப் போட்டுச்சு. ஈ. ஸ்ரீதரன்கிற இளம் பொறியாளர் பொறுப்பில், 46 நாள்ல அதைச் சரி பண்ணிட்டாங்க. பொறியியல் படிச்சவன்கிற முறையில் எனக்கு அதுல பெருமைதான். ஆனா தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பப் போகலை. மக்கள் வாழத் தகுதியில்லாத இடம்னு அரசு அறிவிச்சது. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறிடுச்சு. புயலுக்கு இரண்டு மாசம் முன்னாடிதான் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதன்படி தாயகம் திரும்பின மலையகத் தமிழர்கள் வந்து இறங்கினதும் ராமேசுவரத்துலதான்.

"கைவிடப்பட்ட நகரம்"னு யூடியூப் தலைப்புகள்ல பார்க்கிறோம். போய்ப் பார்த்தா மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசையில் இருக்காங்க. மணல்ல ஊத்து தோண்டிக் குடிதண்ணி எடுக்கிறாங்க. இடிஞ்ச தேவாலயத்துக்கு முன்னாடி சங்கு, பாசி விக்கிறாங்க. ஊரைக் கைவிட்டது அவங்க இல்லை; ரயில்வேயும் அரசாங்கமும்தான்.

2019-ல் ராமேசுவரம்–தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினாங்க. கடலரிப்பு, சுற்றுச்சூழல்னு மாநில அரசு எதிர்ப்பு சொல்லுச்சு. ரயில் வரலாம், வராமலும் போகலாம். வந்தா, அந்த ஓலைக் குடிசைகள் வரைபடத்துல எங்க இருக்கும்? அதைத்தான் முதல்ல கேட்கணும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.